எச்சமும் முற்றும்: கோப்பை மூடுதல் என்னும் வினையின் வரலாறு

தமிழ் இலக்கணம் வினைச்சொற்களை முற்று என்றும் எச்சம் என்றும் பகுக்கிறது. ‘எழுதினாள்’ என்பது முற்று. செய்தி அங்கே நிறைவடைகிறது. ‘எழுதி’ என்பது எச்சம். கேட்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறார். கணினி நிரல் ஒன்று கோப்பில் எழுதும்போதும் இந்த வேறுபாடு உண்டு. நிரலின் பார்வையில் எழுதும் கட்டளை நிறைவேறிவிட்டது. வட்டின் பார்வையில் அது இன்னும் எச்சமாகவே நிற்கக்கூடும். அந்த எச்சத்தை முற்றாக்கும் வினைக்கு நிரலர்கள் வழங்கும் பெயர் ‘குளோஸ்’.

தமிழில் அதனை ‘மூடு’ என்று பெயர்ப்பது வழக்கம். ஆனால் பெட்டியை மூடாமல் விட்டாலும் உள்ளே வைத்த பொருள் உள்ளேதான் இருக்கும். கோப்பை மூடாமல் விட்டால், உள்ளே வைத்ததாக நினைத்த பொருள் அங்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். ஆகவே இவ்வினை மூடுதலைக் காட்டிலும் முடித்தலுக்கு நெருக்கமானது. உள்ளீட்டு, வெளியீட்டு ஓடைகளைத் திறந்த நிரல் அவற்றை மறவாமல் முடிக்க வேண்டும். அந்த நினைவை யார் சுமப்பது? நிரலரா, இயங்குதளமா, நிரல்மொழியா? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினியுலகம் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது.

1. நாடாவின் காலம்

இவ்வினையின் தொடக்கத்தைக் காந்த நாடாவில் காணலாம். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எழுத முடியும். ஒவ்வொரு முறையும் அது நின்று மீண்டும் வேகமெடுக்க இடம் வேண்டும் என்பதால், எழுதப்பட்ட இரு தொகுதிகளுக்கிடையே வெற்று நாடா விடப்பட்டது. ஓர் அங்குலத்துக்கு 800 எழுத்துகள் என்னும் அடர்த்தியில் 80 எழுத்துகள் கொண்ட ஒரு துளையட்டையின் செய்தி ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கையே பிடிக்கும்; அதனை அடுத்து வரும் வெற்றிடமோ 0.6 அங்குலம். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே எழுதினால் நாடாவின் பெரும்பகுதி வெறுமையாகவே சுழலும். எனவே பல பதிவுகளை முதலில் நினைவகத்தில் சேர்த்து, ஒரு தொகுதி நிரம்பியதும் ஒரே வீச்சில் எழுதும் முறை வந்தது. அந்த இடைத்தங்கல் இடத்துக்குத்தான் ‘பஃபர்’ என்று பெயர்.

சிக்கனம் ஒரு புதிய கடமையைப் பிறப்பித்தது. கடைசித் தொகுதி பெரும்பாலும் முழுமையாக நிரம்பாது. பாதி நிரம்பிய அந்தத் தொகுதியை எழுதுமாறு யாரேனும் சொல்ல வேண்டும். 1960இல் வரையறுக்கப்பட்ட கோபால் மொழியில் ‘ஓப்பன்’, ‘குளோஸ்’ என்னும் இரு வினைகளும் இணையாக இடம்பெற்றதன் பின்னணி இதுவே. அங்கே குளோஸ் என்றால் எஞ்சிய தொகுதியை எழுதுதல், நாடாவின் இறுதியில் முடிவுச் சிட்டையைப் பதித்தல், நாடாவைத் திரும்பச் சுற்றுதல் ஆகிய அனைத்தும் அடங்கும். மூடாமல் விடப்பட்ட நாடாவுக்கு முடிவுச் சிட்டை கிடையாது. கடைசிப் பதிவுகள் அதில் இல்லாமலும் போகலாம்.

அதே காலத்தின் ஃபோர்ட்ரான் வேறு வழியில் சென்றது. 1966ஆம் ஆண்டுத் தரவரையறையில் ஓப்பனும் இல்லை, குளோஸும் இல்லை. நாடாவில் முடிவுக் குறியை இடும் ‘எண்ட்ஃபைல்’, நாடாவைத் திரும்பச் சுற்றும் ‘ரீவைண்ட்’ போன்ற கட்டளைகள் மட்டுமே இருந்தன. கோப்புகளை அலகு எண்களோடு இணைப்பதும் பிரிப்பதும் நிரலுக்கு வெளியே நிகழ்ந்தன. ஃபோர்ட்ரான் 77 என்று அறியப்படும் தரவரையறையில்தான் ஓப்பன், குளோஸ், இன்கொயர் ஆகியவை மொழிக்குள் வந்தன. அறிவியல் கணக்கீட்டுக்கு எழுந்த மொழி, வணிகக் கணக்குக்கு எழுந்த மொழி கண்ட தேவையை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்டது.

2. யுனிக்ஸும் குழாயும்

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ், கோப்பு என்னும் கருத்தை மிகவும் எளிமையாக்கியது. திறந்த கோப்பு ஒரு சிறிய முழு எண்ணால் குறிக்கப்பட்டது. வட்டிலுள்ள கோப்பு, முனையம், நாடா எதுவாயினும் திற, படி, எழுது, மூடு என்னும் ஒரே வினைத்தொகுதி போதும். நிரல் முடியும்போது அது மூடாமல் விட்ட எண்களை எல்லாம் இயங்குதளமே மூடிவிடும். சிறு நிரல் எழுதுவோருக்கு இது பெரும் சலுகை. மறதியை இயங்குதளம் மன்னித்தது.

ஆனால் 1973இல் யுனிக்ஸில் குழாய் சேர்ந்தபோது மூடுதலுக்குப் புதிய பொருள் பிறந்தது. நிரல்களைத் தோட்டக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964லேயே எழுதியிருந்தார். தாம்சன் அதனை நனவாக்கினார். ஒரு நிரல் எழுத, மற்றொரு நிரல் அதனைப் படிக்கிறது. படிக்கும் நிரலுக்குச் செய்தி தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? குழாயில் இதற்கெனத் தனிக் குறி எதுவும் அனுப்பப்படுவதில்லை. எழுதும் முனையை வைத்திருப்போர் அனைவரும் அதனை மூடிவிட்டால், அந்த நிலையே முடிவு. குழாயில் மீதமிருப்பது தீர்ந்தபின் படிக்கும் நிரலுக்குச் சுழியம் எழுத்துகள் கிடைக்கும். அதுவே கோப்பின் இறுதி.

இங்கே ‘அனைவரும்’ என்னும் சொல்லே நிரலர்களை அலைக்கழித்தது. தாய் நிரல் ஒன்று சேய் நிரலைப் பிறப்பிக்கும்போது திறந்த எண்களின் படிகள் சேய்க்கும் செல்கின்றன. வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைச் சேயாக இயக்கி, அதற்குச் செய்தியை அனுப்பிவிட்டு, தாய் தன் கையிலுள்ள எழுதுமுனையை மூட மறந்தால் என்ன ஆகும்? வரிசைப்படுத்தும் நிரல் முழுச் செய்தியையும் பெற்ற பிறகே விடை தர முடியும். முடிவு வராததால் அது காத்திருக்கும். அதன் விடைக்காகத் தாய் காத்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது. இரு நிரல்களும் முடிவின்றி நிற்கும். யுனிக்ஸ் நிரலாக்கம் பயில்வோர் இன்றும் சந்திக்கும் முதல் புதிர்களுள் இது ஒன்று.

வலைப்பின்னலிலும் இதே கருத்து தொடர்ந்தது. 1981 செப்டம்பரில் வெளியான டிசிபி வரையறையில், மூடுதல் என்பது ‘என்னிடம் அனுப்ப இனி எதுவுமில்லை’ என்னும் ஒருதலை அறிவிப்பே. மறுமுனை தொடர்ந்து அனுப்பலாம். அதனைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மறுமுனை மூடிய பிறகும் தன் பக்கத்தை மூடாத நிரலின் இணைப்புகள் ‘குளோஸ் வெயிட்’ என்னும் நிலையில் தேங்கிக் கிடக்கும். வழங்கிக் கணினிகளைப் பேணுவோர் அந்தப் பட்டியல் நீள்வதைக் கண்டாலே, எங்கோ ஒரு நிரல் மூட மறந்திருக்கிறது என்று அறிவர்.

3. நூலகத்தின் இடைநிலை

யுனிக்ஸில் ஒவ்வோர் எழுத்துக்கும் இயங்குதளத்தை அழைப்பது செலவு மிக்கது. மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டு நூலகமும், அதன் வழியில் 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் பரவிய ‘ஸ்டாண்டர்டு ஐ.ஓ.’ நூலகமும் அந்தச் செலவைக் குறைத்தன. எழுதப்படுவது முதலில் நிரலின் சொந்த நினைவகத்திலுள்ள பஃபரில் சேரும். அது நிரம்பியதும் இயங்குதளத்துக்குச் செல்லும். சி மொழி கற்றோர் அனைவரும் அறிந்த ‘எஃப்ஓப்பன்’, ‘எஃப்குளோஸ்’ ஆகியவை இந்நூலகத்துக்கு உரியன.

நாடாக் காலத்தின் கடைசித் தொகுதிச் சிக்கல் இவ்வாறு மீண்டும் வந்தது. நிரல் ஒழுங்காக முடிந்தால், திறந்திருக்கும் ஓடைகளின் எச்சத்தை நூலகம் எழுதிவிடும். நிரல் இடையில் கொல்லப்பட்டால் எழுதாது. இயங்குதளம் கோப்பெண்ணை மூடும் என்பது உண்மை. ஆனால் நிரலின் நினைவகத்தில் கிடந்த பஃபரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இயங்குதளத்தின் மன்னிப்பு நூலகத்தின் எல்லைக்குள் செல்லாமல் நின்றது. நிரல் ஏன் வீழ்ந்தது என்று அறிய விரும்புவோர் பதிவேட்டைத் திறக்கும்போது, மிகவும் தேவையான கடைசி வரிகளே காணாமற்போயிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தனியாள் கணினிகளில் விலை இன்னும் கூடுதலாக இருந்தது. கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபிஎம் இயங்குதளத்தில், எழுதப்படும் கோப்பு வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்னும் குறிப்பு நினைவகத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும். மூடும் அழைப்பு வந்தால்தான் அக்குறிப்பு முழுமையாக வட்டின் அடைவில் பதியும். மூடாமல் கணினியை அணைத்தால், செய்தி வட்டில் இருந்தும் அதற்கு வழிகாட்டும் முகவரி இல்லாமற்போகும். மேலும் சிபிஎம் கோப்பின் நீளத்தை 128 எழுத்துகள் கொண்ட பதிவுகளின் எண்ணிக்கையாகவே அறிந்திருந்தது. உரை எங்கே முடிகிறது என்பதை, 26ஆம் எண்ணுக்குரிய கட்டுப்பாட்டு எழுத்தை இட்டு நிரலே குறிக்க வேண்டியிருந்தது. எம்எஸ் டாஸும் அவ்வழக்கத்தைப் பெற்றுக்கொண்டது.

4. மொழி ஏற்ற கடமை

மூட மறத்தல் ஒரு வகைப் பிழை. மூடும் வரியை எழுதியிருந்தும், நிரலின் ஓட்டம் அந்த வரியை எட்டாமலே வெளியேறுதல் மற்றொரு வகை. இடையில் ஒரு விதிவிலக்கு எழுந்தால் கட்டுப்பாடு வேறிடத்துக்குத் தாவும். கீழே எழுதிய குளோஸ் படிக்கப்படாது. நிரலர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எல்லா வெளியேறு வழிகளையும் மனத்தில் வைத்திருப்பது அரிது. ஆகவே அந்தப் பொறுப்பை மொழியின் வடிவத்திலேயே வைக்க வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது.

லிஸ்ப் மரபு இதில் முன்னோடி. எப்படி வெளியேறினாலும் குறிப்பிட்ட பணியைச் செய்துவிட்டே வெளியேறும் ‘அன்வைண்ட் புரொடெக்ட்’ என்னும் அமைப்பு அதில் இருந்தது. 1984இல் கை ஸ்டீல் தொகுத்த காமன் லிஸ்ப் நூலில் உள்ள ‘வித் ஓப்பன் ஃபைல்’ அந்த அமைப்பின் மேல் நின்று, கோப்பைத் திறப்பதையும் மூடுவதையும் ஒரே அடைப்புக்குள் வைத்தது. அடைப்பு முடிந்தால் கோப்பு முடியும்.

பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் சி பிளஸ் பிளஸ் வேறொரு வழியில் அங்கேயே வந்து சேர்ந்தது. ஒரு மாறியின் வாழ்நாள் முடியும் இடத்தில் அதன் அழிப்புச் செயற்கூறு தானாகவே இயங்கும். கோப்பை அத்தகைய மாறியின் உடைமையாக்கினால், மாறி மறையும்போது கோப்பு மூடப்படும். 1980களில் உருப்பெற்ற இவ்வழக்கம், உடைமை பெறுதலே தொடக்கம் பெறுதல் என்னும் கருத்துடைய நீண்ட பெயரால் அறியப்படுகிறது. பெயர் தொடக்கத்தைச் சொன்னாலும் அதன் பயன் முடிவில்தான் இருக்கிறது.

1996இல் வந்த ஜாவா நினைவகத்தைத் தானே துப்புரவு செய்யும் மொழி. பயன்பாடு தீர்ந்த ஆப்ஜெக்டைத் துப்புரவாளர் அகற்றும் முன் இயங்கும் ‘ஃபைனலைஸ்’ என்னும் செயற்கூறு, கோப்பை மூடும் கடைசிக் காவலாக வைக்கப்பட்டது. ஆனால் துப்புரவு எப்போது நிகழும் என்பதற்கு உறுதியில்லை. நினைவகம் தாராளமாக இருந்தால் துப்புரவு தாமதமாகும். அதற்குள் கோப்பெண்கள் தீர்ந்துவிடும். யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் 20 கோப்புகளையே திறந்து வைத்திருக்கலாம். லினக்ஸில் வழக்கமான தொடக்க வரம்பு 1024. நாள்கணக்கில் ஓடும் வழங்கி நிரல், வேண்டுகோள் ஒன்றுக்கு ஒரு கோப்பு வீதம் மூட மறந்தால், வரம்பைத் தொடச் சில நிமிடங்கள் போதும். அதன்பின் குற்றமற்ற வேறொரு பகுதி கோப்பைத் திறக்க முயலும்போது பிழை அங்கே வெடிக்கும். நோயுற்ற இடம் ஒன்று, வலிக்கும் இடம் மற்றொன்று.

எனவே ஜாவா நிரலர்கள் ‘ஃபைனலி’ என்னும் பகுதியில் தாமே மூடினர். அதிலும் நுட்பமான குழிகள் இருந்தன. இரு ஓடைகளை அடுத்தடுத்து மூடும்போது முதலாவதை மூடும் முயற்சியே விதிவிலக்கை எழுப்பினால் இரண்டாவது மூடப்படாது. மூடும்போது எழுந்த பிழை, அதற்கு முன் எழுந்த உண்மையான பிழையை மறைத்துவிடவும் கூடும். ஜாவா நூலகங்களை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஜோஷுவா பிளாக் இதுபற்றித் தந்த வாக்குமூலம் குறிப்பிடத்தக்கது. 2007ஆம் ஆண்டு நிலையில், ஜாவாவின் சொந்த நூலகங்களுக்குள் குளோஸ் பயன்பட்ட இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறானவை என்று அவர் பதிவு செய்தார். அவரே இணையாசிரியராக இருந்த ‘ஜாவா பசிலர்ஸ்’ நூலின் 88ஆம் பக்கத்தில் தாமும் தவறியதையும், பல ஆண்டுகள் எவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஒப்புதல் வரலாற்றுச் சிறப்புடையது. வல்லுநர்களே தவறுகிறார்கள் என்றால் குறை பயிற்சியில் இல்லை, மொழியில் இருக்கிறது. பிளாக்கின் முன்மொழிவிலிருந்து 2011 ஜூலையில் வெளியான ஜாவா 7இல் ‘டிரை வித் ரிசோர்சஸ்’ பிறந்தது. திறந்த வரிசைக்கு எதிர் வரிசையில் ஓடைகள் மூடப்படும். மூடும்போது எழும் பிழை, முதற்பிழையை மறைக்காமல் அதனோடு இணைத்து வைக்கப்படும். இதற்குள் சி ஷார்ப் மொழியில் ‘யூசிங்’ இருந்தது. 2006இல் பைத்தான் 2.5 வழியே ‘வித்’ வந்திருந்தது. பின்னர் கோ மொழி ‘டிஃபர்’ என்பதையும், 2015இல் முதற்பதிப்புக் கண்ட ரஸ்ட் ‘டிராப்’ என்பதையும் கொண்டு வந்தன. ஃபைனலைஸோ 2017இல் ஜாவா 9இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது.

5. கேட்கப்படாத விடை

இத்துடன் வரலாறு நிறைவடைந்தது என்று கருதினால் பாதியையே கண்டதாகும். மூடுதல் ஒரு வினை மட்டுமன்று; அது ஒரு வினாவும் ஆகும். எழுதியது எல்லாம் சென்று சேர்ந்ததா என்னும் வினாவுக்குக் குளோஸ் ஒரு விடையைத் திருப்பித் தருகிறது. வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். பயனருக்குரிய ஒதுக்கீடு கடந்திருக்கலாம். வலைப்பின்னல் வழியே அணுகும் கோப்பு முறைமையில் தேக்கி வைத்த எழுத்துகள் மூடும் தருணத்தில் அனுப்பப்பட்டு அங்கே மறுக்கப்படலாம். எழுதும் அழைப்புகள் அனைத்தும் வெற்றி என்று சொன்ன பிறகு, மூடும் அழைப்பில் தோல்வி வெளிப்படுவது உண்டு.

தானாக மூடும் மொழிகளில் இவ்விடை பல நேரங்களில் காற்றோடு போகிறது. சி பிளஸ் பிளஸின் கோப்பு ஓடை அழியும்போது எழும் பிழை நிரலுக்குத் தெரிவதில்லை. ரஸ்டின் கோப்பும் அவ்வாறே. அந்த மொழியின் ஆவணமே, பிழையை அறிய வேண்டுமாயின் அழியும் முன் வெளிப்படையாகக் கேட்குமாறு அறிவுறுத்துகிறது. கோ மொழியில் மூடுதலை டிஃபர் செய்துவிட்டு நகரும் வழக்கம், படிக்கும் கோப்புக்குப் பொருந்தும். எழுதும் கோப்புக்கு விடையைத் தொலைப்பதாகும். மறதியைப் போக்கிய வசதியே செவிட்டுத்தன்மையையும் தந்தது.

குளோஸ் வெற்றி என்று சொன்னாலும் அது எவ்வளவு தூரம் உண்மை என்னும் கேள்வி 2009இல் பொதுவெளிக்கு வந்தது. 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை நிலைபெற்றது. விரைவுக்காக அது வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. முந்தைய எக்ஸ்ட்3 ஏறத்தாழ ஐந்து நொடிக்குள் செய்ததை இது அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதித்தது. அந்த இடைவெளியில் கணினி நின்றுபோனால், பயனரின் அமைப்புக் கோப்புகள் சுழிய நீளத்தில் கிடந்தன. பழைய செய்தியும் இல்லை, புதியதும் இல்லை. பயன்பாட்டு நிரல்கள் எழுதின, மூடின; ஆனால் வட்டில் உறுதியாகப் பதியுமாறு கேட்கும் ‘எஃப்சிங்க்’ அழைப்பை விடுக்கவில்லை. மூடுதல் அந்த உறுதியைத் தருவதாக வரையறை எங்கும் சொல்லவில்லை என்று எக்ஸ்ட்4இன் முதன்மை ஆசிரியர் டெட் சோ விளக்கினார். வரையறை அவர் பக்கம். பல ஆண்டுப் பழக்கம் பயனர் பக்கம். இறுதியில் 2.6.30இல், வழக்கமான சில எழுதுமுறைகளுக்குக் கோப்பு முறைமையே பாதுகாப்பளிக்கும் திருத்தங்கள் சேர்ந்தன.

எஃப்சிங்கும் கடைசிச் சொல் அன்று என்பதை 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தார் கண்டனர். லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோல்வி என்று சொன்னபின், மீண்டும் கேட்டால் வெற்றி என்று சொல்லக்கூடும். பிழை ஒருமுறை அறிவிக்கப்பட்டதும் அந்தப் பக்கம் தூய்மையானதாகக் குறிக்கப்பட்டுவிடும். மீண்டும் முயன்றால் சரியாகும் என்று நம்பிய தரவுத்தளம், இழந்த செய்தியைப் பதிந்ததாக எண்ணியது. 2019 பிப்ரவரித் திருத்தங்களில் அது தன் போக்கை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் தோற்றால் உடனே வீழ்ந்து, முன்பதிவேட்டிலிருந்து தன்னை மீட்டுக்கொள்வதே இயல்புநிலை ஆயிற்று. பொய்யான முற்றைவிட வெளிப்படையான வீழ்ச்சி மேல் என்பது அம்முடிவின் பொருள்.

6. எஞ்சும் கடமை

இவ்வரலாற்றில் இரு கடமைகள் பிரிந்து தெரிகின்றன. ஒன்று, மறவாமல் மூடுதல். அதனைக் கோபால் நிரலரின் நினைவுக்கு விட்டது. யுனிக்ஸ் ஓரளவு தானே ஏற்றது. லிஸ்ப் முதல் ரஸ்ட் வரையிலான மொழிகள் தம் வடிவத்துக்குள் வாங்கிக்கொண்டன. இக்கடமையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே அறிவு. மனித நினைவு அதற்கு உகந்ததன்று என்பது போதுமான அளவு நிறுவப்பட்டுவிட்டது.

மற்றொன்று, மூடும்போது கிடைக்கும் விடையைக் கேட்டல். அதனை எந்த மொழியும் நிரலருக்காகச் செய்து முடிக்க முடியாது. ஏனெனில் தோல்வி நேர்ந்தால் என்ன செய்வது என்பது, எழுதப்பட்டது என்ன என்பதைப் பொறுத்தது. தற்காலிகக் கோப்பின் இழப்பைப் புறக்கணிக்கலாம். வங்கிக் கணக்கின் ஒரு வரியை, நோயாளியின் மருத்துவப் பதிவை, ஆய்வாளரின் பல மாத அளவீட்டை அவ்வாறு புறக்கணிக்க இயலாது. அந்த வேறுபாடு கோப்பெண்ணுக்குத் தெரியாது. அதனை அறிந்தவர் நிரலை எழுதுபவரே.

எச்சம் தானாக முற்றாவதில்லை. வாக்கியத்தை முடிக்கும் பொறுப்பு பேசுபவருக்கு உரியது. முடிந்ததா என்று உறுதிசெய்யும் பொறுப்பும் அவருக்கே உரியது. கோப்பில் எழுதும் நிரலருக்கும் அதுவே விதி.